விக்கா: அந்தத் தெய்வங்களை உண்மையிலேயே நம்புகிறார்களா?

ஈரக்குடை

வடக்கு இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். என்னோடு இரவு ஷிஃப்ட் பார்க்கும் தோழி ஒருத்தி விக்கா மதத்துக்காரி, அதாவது தேவியையும் தேவனையும் கும்பிட்டு மந்திரச் சடங்கு செய்கிற புது மதம். பத்து வருஷப் பழக்கம், ஆனால் இந்த விஷயம் எனக்குத் தெரிய வந்தது போன வருஷம், அவள் அம்மா இறந்த பிறகுதான். அக்டோபர் 31 இரவு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். அது அவர்களுக்கு இறந்தவர்களை நினைக்கிற பண்டிகையாம். நான் சம்ஹெய்ன் என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன், சௌவின் என்று திருத்தினாள்.

மேசையில் நான்கு தட்டு, ஆள் மூன்று பேர். நாலாவது தட்டு அம்மாவுக்கு. ஷெப்பர்ட்ஸ் பை, அவித்த பட்டாணி, பக்கத்தில் பால் தூக்கலாக ஒரு கப் டீ, அந்த அம்மா அப்படித்தான் குடிப்பாராம். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் பேசக் கூடாது. முள்கரண்டி தட்டில் உரசுகிற சத்தம் மட்டும்தான். என் போன் இரண்டு தடவை அதிர்ந்தது, எடுக்கவில்லை. கடைசியில் அந்த ஆறிப்போன டீயைக் கொல்லையில் ஆப்பிள் மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

அப்புறம் கேட்டேன், உன் தேவியை நீ நம்புகிறாயா என்று. "கேள்வியே சரியில்லை, நிலா இருக்கிறது என்று நீ நம்புகிறாயா என்ன, பார்க்கிறாய் அவ்வளவுதானே" என்றாள். அவள் கணவரோ, சாமி என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் மனசின் உருவங்கள் என்கிறார். அவரும் அதே சடங்கு வட்டத்தில்தான் நிற்கிறார், அதே மெழுகுவத்தியைத்தான் ஏற்றுகிறார். எனக்குப் பிடிபடவில்லை. சர்ச்சில் வளர்ந்தவர்கள் எதற்காக இதற்கு வருகிறார்கள்? ஒருத்தி நம்பி, ஒருத்தர் நம்பாமல், எப்படி ஒரே பூஜை செய்ய முடிகிறது?

(அம்மாவிடம் போனில் சொல்லித் தொலைத்தேன். "சூனியக்காரி வீட்டிலயா சாப்பிட்ட" என்று வீடியோ காலிலேயே உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார்.)

கடைசிபெஞ்ச்

இது நம்ம படையல்தானே? காப்பியடித்து இங்கிலீஷ் பெயர் வைத்திருக்கிறார்கள். எழுபது, எண்பது வயசுகூட ஆகாத மதத்துக்கு இவ்வளவு பில்டப் வேண்டாம்.

மலையகத்தான்

வயசு விஷயத்தில் கடைசிபெஞ்ச் சொல்வது கிட்டத்தட்ட சரி, காப்பி என்பது தப்பு. இதைத் தொடங்கிய ஜெரால்ட் கார்ட்னர் 1900-இல், பதினாறு வயசில், எங்கள் இலங்கைக்குத் தேயிலைத் தோட்ட வேலை பழக வந்த ஆள். அந்தக் காலத்தில் எங்கள் பூட்டிமார் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் இந்த மனிதர்மேல் எனக்கு ஒரு தனிக் குறுகுறுப்பு. பிறகு போர்னியோ, மலாயா, அங்கே சுங்க இலாகா வேலை, 1936-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து. 1939-இல் நியூ ஃபாரஸ்ட் பக்கம் பழைய மந்திரக்காரிகள் கூட்டம் ஒன்று தன்னைச் சேர்த்துக்கொண்டது என்றார். சூனியத்துக்கு எதிரான பழைய சட்டத்தை 1951-இல் எடுத்தார்கள், 1954-இல் இவர் தன் சொந்தப் பெயரிலேயே புத்தகம் போட்டுவிட்டார்.

கிறிஸ்துவத்துக்கு முந்தின மதம் ஒன்று ஐரோப்பாவில் ரகசியமாகத் தொடர்ந்து வந்தது என்று மார்கரெட் மர்ரே 1921-இல் எழுதியதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். அந்தக் கதையை வரலாற்றுக்காரர்கள் இப்போது ஏற்பதில்லை. ரொனால்ட் ஹட்டன் 1999-இல் விக்காவின் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதி, இது இருபதாம் நூற்றாண்டில் உருவானது என்று காட்டினார். விக்காக்காரர்கள் பலரே அதை ஒப்புக்கொள்கிறார்கள்.

தேவியை முன்னால் நிறுத்துகிற மதம் என்பதால் பெண்கள் வருகிறார்கள் என்று சொல்வார்கள். நிஜம்தான், ஆனால் இதையும் கேளுங்கள். கார்ட்னரின் சடங்குப் பாட்டுகளைச் சீர்செய்து, அலெஸ்டர் க்ரௌலி என்ற ஆங்கில மந்திரவாதியிடமிருந்து எடுத்திருந்ததில் பெரும்பகுதியை வெட்டித் திருத்தி எழுதியவர், அவர் குழுவின் தலைமைப் பூசாரியாக இருந்த டோரீன் வாலியன்டே. இன்று தேவியின் வாக்காக உலகம் பூராவும் வாசிக்கிற உரைநடை அவருடையது. 1957-இல் இருவருக்கும் விளம்பர விஷயத்தில் சண்டை. உடனே கார்ட்னர் "பழைய சட்டங்கள்" என்று ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினார், அதில் இளமை போன பூசாரிப் பெண் இளையவளுக்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டும் என்று ஒரு விதி! வாலியன்டேவுக்கு அப்போது முப்பத்தைந்து வயசு. வெளியே வந்துவிட்டார், ஆனால் தேவியை விடவில்லை. ஆரம்பித்த ஆள் எப்படிப்பட்டவர் என்பதும் கும்பிடுகிறவர் எதைக் கண்டார் என்பதும் வேறு வேறு என்று எனக்குப் புரிந்தது இவரைப் படித்துத்தான்.

பனித்துளசி

நான் ஸ்காட்லாந்தில் தனியாக விக்கா செய்கிறவள், அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன். 2020 ஊரடங்கில் ஒரு அறை வீட்டில் மாட்டிக்கொண்டேன். இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஊரிலிருந்து வந்த எனக்கு அந்த இருட்டுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, நம் பண்டிகை எதுவும் அந்த வாரத்தில் சூரியன் திரும்புவதைப் பற்றிப் பேசவில்லை. விக்காவில் வருஷத்துக்கு எட்டு பண்டிகை. டிசம்பர் 21 வாக்கில் யூல், பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், அப்புறம் வசந்தம், மே தொடக்கத்தில் பெல்டேன் என்று சுற்றி வரும். இம்போல்க் அன்று வீட்டுக்குப் பின்னால் சேறும் பனியுமாக இருந்த மண்ணில் ஸ்னோடிராப் மூன்று தலை நீட்டியிருந்தது, முழங்கால் நனைய உட்கார்ந்து பார்த்தேன். என் காரணம் அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

தனியாகச் செய்வதற்கு ஸ்காட் கன்னிங்ஹாமின் 1988 புத்தகம்தான் பலருக்கு வழி திறந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் கோவன், அதாவது குழு வேண்டும், தீட்சை வேண்டும். கார்ட்னர் வழிக் குழுக்களில் ஒரு தேவி, கொம்பு வைத்த ஒரு தேவன், அவர்கள் பெயரை வெளியாளுக்குச் சொல்ல மாட்டார்கள்.

எல்லா தேவியும் ஒரே தேவிதான் என்று விக்காவில் பாதிப் பேர் சொல்வார்கள், டயான் ஃபார்ச்சூன் என்ற ஆங்கில மாந்திரீக எழுத்தாளர் எழுதிய வரி அது. எனக்கு ஒத்துவராது. அயர்லாந்துத் தேவி பிரிஜித் பிரிஜித்தான். அவளிடம் லட்சுமி என்று பேசினால் பக்கத்து வீட்டு அக்காவை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும். அவர்கள் தனித்தனி ஆட்கள் என்று நினைக்கிறேன்.

@கடைசிபெஞ்ச், படையல் அன்று நம் வீட்டில் எவ்வளவு சத்தம்! காக்காவைக் கூவிக் கூப்பிட்டு, முதலில் யாருக்கு இலை போடுவது என்று சித்தப்பா சண்டை போட்டு. அதோடு அது மகன் செய்தே தீர வேண்டிய கடன். இவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, செய்யாவிட்டால் கேட்க ஆள் இல்லை. ஒரு தட்டு வைத்திருப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

பே_ஏரியா_பாண்டி

ஈரக்குடை அக்கா, உங்கள் தோழி சொன்ன பதிலைப் பாதி கடன் வாங்கியிருக்கிறார் :) தேவியை நம்புகிறீர்களா என்று கேட்டால், நீங்கள் பாறையை நம்புகிறீர்களா என்று திருப்பிக் கேட்டவர் ஸ்டார்ஹாக் என்ற அமெரிக்க விக்கா எழுத்தாளர், 1979-இலேயே. அவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் சேர்ந்து தொடங்கிய ரிக்ளெய்மிங் கூட்டத்தில்தான் நான் இப்போது இருக்கிறேன்.

அதற்கு முன் வேறொரு குழுவுக்குப் போனேன். வட்டத்தில் ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றி நிற்கச் சொன்னார்கள். தேவனும் தேவியும் சேர்ந்தால்தான் சக்தி பிறக்கும், கிண்ணத்தில் கத்தி இறங்குவதே அதன் அடையாளம் என்றார்கள். நான் ஆண்களை விரும்புகிற ஆண். வீட்டிலும் சர்ச்சிலும் எந்தப் பேச்சிலிருந்து தப்பித்து வந்தேனோ அதையே மெழுகுவத்தி வெளிச்சத்தில் கேட்டது போல இருந்தது. அந்தக் கத்தியால் எதையும் வெட்ட மாட்டார்கள், அன்று எனக்கு வெட்டியது. ரிக்ளெய்மிங்கில் தேவன்-தேவி என்று கொள்கையில் இருந்த வரியை 2012-இல் மாற்றினார்கள், பல பாலினங்களிலும் உள்ள தெய்வங்கள் என்று. அதற்காக விலகிப் போனவர்களும் உண்டு. இன்னொரு பக்கம் டயானிக் குழுக்கள், தேவி மட்டும்தான், அதில் பல இடங்களில் ஆண்களுக்கே அனுமதி இல்லை.

நம்பாதவரும் எப்படி நிற்கிறார் என்றால், இங்கே விசுவாசப் பிரமாணம் என்று ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வதில்லை. திசைகளைக் கூப்பிடு, வட்டம் போடு, முடிந்ததும் கேக்கும் ஒயினும் பங்கு போடு. நானும் வாரத்தில் நாலு நாள் நாத்திகன்தான், பௌர்ணமி அன்று மட்டும் சந்தேகம் வந்துவிடும்.

கடைசிபெஞ்ச்

சரி, காப்பி என்றதை வாபஸ் வாங்குகிறேன். அந்தப் "பழைய சட்டங்கள்" சமாச்சாரம் மட்டும் செம காமெடி.

ஈரக்குடை

எல்லாருக்கும் நன்றி. பாண்டி தம்பி சொன்னதை அவளிடம் கேட்டேன், திருட்டு மாட்டிக்கொண்டது என்று சிரித்தாள். இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறாள், இறந்துபோன உன் அப்பாவுக்கும் ஒரு தட்டு வைக்கலாம் என்றாள். அப்பாவுக்குப் பிடித்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, வீடு ஒரு வாரம் நாறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்றாள். ஷிஃப்ட் மாற்றியாகிவிட்டது. அம்மாவிடம் மட்டும் மூச்சு விடப் போவதில்லை.