கெட்டில் மூடியும் ஜேம்ஸ் வாட்டும்: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

நான்: வணக்கம் பெரியப்பா. பாப்பா நாளை பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய தொழிற்புரட்சிச் சார்ட்டைப் படமெடுத்து மேலே அனுப்பியிருக்கிறேன். கொதிக்கும் கெட்டிலின் மூடி எழும்புவதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கிறாள். நீங்கள் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவர். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

பெரியப்பா: படம் அழகாக வந்திருக்கிறது அம்மா, ஆனால் அந்த வரி சரியில்லை. வாட் பிறந்ததே 1736-இல்தான். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1712-இல், இங்கிலாந்தில் டட்லிக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தாமஸ் நியூகோமன் செய்த நீராவி இயந்திரம் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. அவர் டார்ட்மவுத் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்தவர்.

அண்ணன்: அப்படியானால் வாட் செய்ததுதான் என்ன, பெரியப்பா?

பெரியப்பா: வீணாவதை நிறுத்தினார். நியூகோமன் இயந்திரத்தில் உருளைக்குள் நீராவியை நிரப்பி, அதற்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி நீராகி உள்ளே வெற்றிடம் உண்டானதும், வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்துபோவதால், அடுத்து வரும் நீராவியில் பெரும்பகுதி அதைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கருவிகள் செய்துகொடுத்து வந்த வாட்டிடம் அந்த இயந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. பிஸ்டன் சில முறை மேலும் கீழும் போய்வந்ததுமே ஆவி போதாமல் அது நின்றுபோவதைப் பார்த்துத்தான் அவர் கணக்குப் போட ஆரம்பித்தார்.

அத்தை: ஒவ்வோர் ஈடு இட்லி எடுத்ததும் கொப்பரையைப் பச்சைத் தண்ணீரில் முக்கிவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்றுவது போலிருக்கிறதே, அண்ணா! கேஸ் என்னத்துக்கு ஆகும்?

பெரியப்பா: அதேதான் அம்மா. 1765-இல் அவருக்குத் தோன்றிய வழி, ஆவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கலம் வைப்பது. உருளை எப்போதும் சூடாகவே இருக்கும், கலம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.

அண்ணன்: 1769-இல் காப்புரிமை என்றும் 1776-இல் இயந்திரம் ஓடியது என்றும் பாப்பா எழுதியிருக்கிறாளே, நடுவில் ஏன் இத்தனை தாமதம்?

பெரியப்பா: நல்ல கேள்வி. பழைய இயந்திரத்தில் பிஸ்டனுக்கு மேலே தண்ணீரை நிற்கவிட்டு இடுக்கை அடைத்துவிடுவார்கள். சூடாகவே இருக்க வேண்டிய உருளையில் அந்தத் தந்திரம் செல்லாது. ஆகவே உருளையின் உட்புறம் முழுக்கச் சீரான வட்டமாக இருந்தாக வேண்டும். பீரங்கி குடைவதற்கு 1774-இல் காப்புரிமை பெற்ற இரும்பாலை முதலாளி ஜான் வில்கின்சன், குடையும் தண்டை இரு முனையிலும் தாங்கவைத்து அப்படி ஓர் உருளையைக் குடைந்து கொடுத்த பிறகே வாட்டும் அவருடைய பர்மிங்காம் கூட்டாளி மாத்யூ போல்டனும் தலைநிமிர்ந்தார்கள். என்னைக் கேட்டால் புகழில் பாதி அந்தப் பட்டறைக்குச் சேர வேண்டும்.

அண்ணன்: விலை அதிகமாக இருந்திருக்குமே, யார் வாங்கினார்கள்?

பெரியப்பா: கார்ன்வால் பகுதியின் தாமிர, வெள்ளீயச் சுரங்கக்காரர்கள். அங்கே நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் வாட்டும் போல்டனும் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டார்கள். நிலக்கரிச் சுரங்கங்களிலோ விற்காத தூள் கரி வாசலிலேயே குவிந்து கிடந்ததால், நியூகோமன் இயந்திரமே அங்கே நெடுங்காலம் ஓடியது.

நான்: பாப்பா நியூகோமன் பெயரை எழுதிவிட்டாள், பெரியப்பா. வில்கின்சனுக்குத்தான் சார்ட்டில் இடமே இல்லை என்கிறாள்.

அத்தை: அந்தக் கெட்டிலின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி அங்கேயே எழுதச் சொல்.