350 சிசி குரூசர் வாங்கலாமா? வாய்க்கால் கரைப் பாதை, பின்னால் அம்மா: ஆலோசனை சொல்லுங்கள்

கேள்வி (திருவிடைமருதூர் பக்கம்)

வணக்கம். திருவிடைமருதூரிலிருந்து 4 கி.மீ. உள்ளே தள்ளி எங்கள் ஊர். வேலை மயிலாடுதுறையில். ஆடுதுறை, குத்தாலம் வழியாகப் போக வர தினமும் 60 கி.மீ. கையில் இருப்பது 11 வருடம் ஓடிய 100 சிசி வண்டி.

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 என்ற குரூசர் (சீட் தாழ்வாக, காலை முன்னால் நீட்டி ஓட்டும் வகை வண்டி) வந்தது 2020 நவம்பரில். அன்றிலிருந்து அதன் மேல் ஒரு கண். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதும், வெறும் ஆசையாக இருந்தது கணக்குப் போடும் அளவுக்கு வந்துவிட்டது.

என் உயரம் 5 அடி 4 அங்குலம். வாரம் இரண்டு நாள் அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும். சேலை கட்டி ஒருபக்கமாகத்தான் உட்காருவார். ஊருக்குள் வரும் கடைசி 2 கி.மீ. வாய்க்கால் கரை. எதிரே டிராக்டர் வந்தால் ஓரம்கட்டி நிற்கணும். ஷோரூமில் நல்ல தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், சொக்கிப்போனேன். அதுதான் யோசனையாக இருக்கிறது. எங்கள் கரைக்கு 191 கிலோ வண்டி சரிப்படுமா? போடுகிற காசுக்குத் தகுமா?

பதில் 1 (மன்னார்குடி)

தம்பி, நானும் ஒரு 350 குரூசர்தான் வைத்திருக்கிறேன். மூன்று வருடத்தில் 34,000 கி.மீ. ஆகிவிட்டது. நேர் ரோட்டில் 70, 75ல் போனால் நாள் முழுக்க ஓட்டலாம், அலுப்பே தெரியாது. உங்கள் மயிலாடுதுறை பயணத்துக்கு இதைவிடச் சுகமான வண்டி கிடைக்காது.

நம் பக்கத்தில் சோதனை எல்லாம் அறுவடைக் காலத்தில்தான். போன மாசியில் வடுவூர் தாண்டி வருகிறேன், ரோட்டில் பாதி அகலத்துக்கு வைக்கோல் பரப்பியிருந்தார்கள். எதிரே பஸ். பிரேக் பிடித்தேன், ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) துடிப்பது விரலில் தெரிந்தது, வண்டி நேராகத்தான் நின்றது. ஆனால் இடது காலை ஊன்றிய இடமும் வைக்கோல். கால் வழுக்கியதும் மொத்த எடையும் மெல்ல மெல்ல என் பக்கம் சாய்ந்தது. 100 சிசி வண்டியாக இருந்தால் தொடையால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள்.

இன்னொன்று, குரூசரில் கால் முன்னால் நீண்டிருக்கும். பள்ளம் வந்தால் கொஞ்சம் எழுந்து உடம்பைத் தூக்கிக்கொள்ள முடியாது. அடி நேராக இடுப்புக்குப் போகும். உங்கள் 2 கி.மீ. கரை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

அப்புறம், மழைக்காலத்தில் களிமண்ணில் சைடு ஸ்டாண்டு போட்டால் அரை மணியில் இறங்கிவிடும். சப்பையான பலகைத் துண்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

பதில் 2 (தஞ்சாவூர், பட்டறை வைத்திருக்கிறேன்)

எடையை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள் தம்பி. சீட் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மீட்டியாருக்கு 765 மி.மீ., கிளாசிக் 350க்கு 805, ஹோண்டா ஹைனஸ் சிபி350க்கு 800. உங்கள் உயரத்துக்கு மீட்டியாரில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும். கரையில் நிறுத்தி நிறுத்திப் போகிறவருக்கு அந்த 40 மி.மீ. பெரிய விஷயம். ஹைனஸ் 181 கிலோதான், ஆனால் குதிகால் தூக்கி நின்றால் அந்தப் பத்து கிலோ லாபம் அங்கேயே போய்விடும்.

சக்கரத்தையும் பாருங்கள். ஸ்போக்ஸ் போட்ட டியூப் டயர் பார்க்க அழகு. ராத்திரி எட்டு மணிக்குக் கரையில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றணும். மீட்டியாரில் பெரும்பாலான மாடல்களில் அலாய், டியூப்லெஸ். ஆணி குத்தினாலும் காற்றடித்து ஊர் வந்து சேரலாம்.

இன்ஜின் பற்றிக் கவலை வேண்டாம். போர் (சிலிண்டர் விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 85.8 மி.மீ. நீள ஸ்ட்ரோக் என்பதால் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை இருக்கும், 27 என்எம் டார்க் (இழுவிசை) 4,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். ஆள் பின்னால் இருக்கும்போது அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம். அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் பழைய புல்லட் மாதிரி கை மரத்துப்போகாது.

பழைய வண்டி பார்க்கிற யோசனை இருந்தால், நம் டெல்டாவில் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று முதலில் பாருங்கள். ஹெட்லைட்டைக் கழற்றி வயர் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே மெல்லிய வண்டல் படிந்திருக்கும். வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அதை மறைக்க முடியாது. காலையில் இன்ஜின் சூடாகும் முன்னால் போய்ப் பாருங்கள்.

பதில் 3 (நாகப்பட்டினம்)

செலவுக் கணக்கு: மாதம் 24 நாள், 1,440 கி.மீ. பழைய வண்டி லிட்டருக்கு 60 என்றால் 24 லிட்டர். குரூசர் 32 என்றால் 45 லிட்டர். 21 லிட்டர் கூடுதல், அதாவது மாதம் 2,000 ரூபாய்க்கு மேல். தவணையோடு இதையும் கூட்டிப் பாருங்கள். நீங்கள் கடலுக்குத் தள்ளி இருப்பதால் குரோம் பற்றி நான் படுகிற கவலை உங்களுக்கு இல்லை. இங்கே வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றித் துடைக்காவிட்டால் உப்பு தின்றுவிடும்.

பதில் 4 (குடவாசல்)

தம்பி, நான் பின்னால் உட்காருகிறவள். இதுவரை யாரும் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை.

குரூசரில் பின் சீட் உயரமாகவும் சின்னதாகவும் இருக்கும். ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்கும் படி எட்டணும். எட்டாவிட்டால் தொடை வலித்து, பத்து நிமிடத்தில் நாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்குவோம். சறுக்காமல் இருக்க ஓட்டுகிறவர் தோளை இறுக்கிப் பிடிப்போம், அவருக்குக் கை தடுமாறும். எடை முழுக்க இடப்பக்கம் இருப்பதால் வண்டியைத் திருப்பும்போது இன்னும் சிரமம். ஷோரூமில் கேட்டால் “அதெல்லாம் சரியாயிடும் மேடம்” என்பார்கள். அம்மாவையே உட்கார வைத்துப் பாருங்கள். அதுவும் ஷோரூம் வாசலில் வேண்டாம், உங்கள் கரையில்.

கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து)

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் நன்றி. அக்கா சொன்னதைத்தான் செய்தேன். நண்பரின் மீட்டியாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கினேன். சாயங்காலம் ராகு காலத்துக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு திருநாகேஸ்வரம் போனோம்.

ரோட்டில் பிரச்சினையே இல்லை. பின்னால் சாய்மானம் இருக்கும் வண்டி அது. ஒருபக்கமாக உட்கார்ந்ததால் சாய முடியாவிட்டாலும், அதைக் கையால் பிடித்துக்கொள்ள அம்மாவுக்கு வசதியாக இருந்தது. கரையில் மதகுக்குப் பக்கத்தில் டிராக்டர் வந்தது. நின்றேன். இரண்டு காலும் தரையில் பதிந்தன, வண்டி அசையவில்லை. ஆனால் அம்மா இறங்கிக்கொண்டு, “நீ போய்த் திருப்பிட்டு வாப்பா, நான் நடந்து வர்றேன்” என்றார். கேட்டதற்கு, கால் வைக்கிற படி குறுகலாக இருக்கிறது, பாதத்தில் பாதி வெளியே நிற்கிறது என்றார்.

தை அறுவடை முடிந்து ரோடு காலியானதும் மீட்டியாருக்கே முன்பணம் கட்டுகிறேன். பழைய வண்டியை விற்கவில்லை. மழைக் காலத்தில் கரை சகதியானால் அதுதான் ஓடும், பெட்ரோலும் மிஞ்சும். அம்மாவுக்கு மட்டும் அகலமான படி வேண்டும். எப்படிச் செய்வது?

தஞ்சாவூர் பட்டறை

சேலை கார்டோடு சேர்ந்து வரும் அகலப் படியாக வாங்குங்கள். சைலன்சர் வலப்பக்கம் என்பதால் இடப்பக்கம் இடம் இருக்கும். மாட்டும் நாளில் அம்மாவையும் அழைத்து வாருங்கள். உட்கார வைத்து, முழங்கால் தொங்காத உயரத்தில் சாக்பீஸால் குறி போட்ட பிறகு போல்ட் போடுவோம்.