பிற சமய மறைநூல்களை இலக்கிய வகுப்பில் எப்படி வாசிப்பது?

வைகைக்கரை:
இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டுக்குச் சமய இலக்கியம் எடுக்கிறேன். மணிமேகலை, சீறாப்புராணம், தேம்பாவணி எல்லாம் நடத்துகிறோம். அவற்றுக்குப் பின்னால் நிற்கிற மறைநூல்களைப் பிள்ளைகள் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அதனால் இந்தப் பருவம் தம்மபதம், விவிலியம், குர்ஆன் மூன்றிலும் சில பகுதிகளை மொழிபெயர்ப்பில் கொண்டுபோனேன்.

முதல் நாளே தப்பு செய்துவிட்டேன். குர்ஆனின் 55ஆம் அத்தியாயம். வகுப்பிலிருக்கும் ஒரே முஸ்லிம் மாணவியைப் பார்த்து, “நீ சொல்லும்மா, இதுக்கு என்ன பொருள்?” என்றேன். அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் தாளின் ஓரத்தை மடித்தபடி, “தப்பா சொல்லிட்டா பாவம் சார்” என்றாள். அன்றைக்கு அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்?

காயல்காரன்:
சார், எங்கள் ஊரிலும் சின்ன வயதிலேயே ஓதப் படித்துவிடுவோம். விளக்கம் சொல்வது ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள் வேலை. அவளிடம் பொருள் கேட்காதீர்கள். ஒலிப்பதிவைப் போடுங்கள். வசனங்கள் முடியும் சொற்களைப் பலகையில் எழுதுங்கள்: ரஹ்மான், குர்ஆன், இன்ஸான், பயான், ஹுஸ்பான். இயைபு என்று பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். “உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள்?” என்ற கேள்வி 78 வசனங்களில் 31 தடவை வருகிறது. மனிதர், ஜின் (கண்ணுக்குத் தெரியாத படைப்பினம்) என இரு கூட்டத்தாரைப் பார்த்துக் கேட்பதால் அரபியில் அது இருமை வடிவம், அதாவது இரண்டை மட்டும் குறிக்கும் வடிவம். தமிழில் இருமை இல்லையே, மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? இதைப் பேச யாரும் தன் ஈமானை, இறைநம்பிக்கையை, வகுப்பில் எடுத்துவைக்க வேண்டியதில்லை.

பாளை டீச்சர்:
தம்பி, விவிலியத்தில் புலம்பல் என்ற நூலை எடுங்கள். 5 அதிகாரம்தான். பாபிலோனியர் எருசலேமை அழித்த பிறகு எழுந்த அழுகை. நகரமே விதவையாகத் தனித்து உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பாரி மகளிரின் “அற்றைத் திங்கள்” பாட்டை வையுங்கள். இழந்ததை நினைத்து வருந்திப் பாடும் கையறுநிலை என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, முதல் 4 அதிகாரங்களும் எபிரேய அகரவரிசையில் கட்டியவை, நம் ஆத்திசூடி மாதிரி. 22 எழுத்து, 3ஆம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. தமிழில் படிக்கும்போது இந்தக் கட்டு கண்ணுக்குத் தெரியாது. அழுகிறவன் ஏன் அகரவரிசை பார்க்கிறான் என்று ஒரு பையன் கேட்டான். “எங்க ஆச்சி செத்தப்போ ஒப்பாரியும் முறைவச்சுத்தான் பாடுனாங்க” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள். அந்த மணி நேரம் முழுக்க அதிலேயே போனது.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. முதலில் அந்தப் பிள்ளையைத் தனியாகப் பார்த்து வருத்தம் தெரிவித்தேன். வியாழக்கிழமை ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் பலகையில் அந்த ஐந்து சொற்களையும் எழுதி நானே வாசித்தேன். “சார், அந்த ‘ஹு’ தொண்டையிலிருந்து வரணும்” என்று எழுந்து நின்று, ஹுஸ்பான் என்று ஓதிக் காட்டினாள். வகுப்பு முழுக்கச் சொல்லிப் பார்த்தது. யாருக்கும் சரியாக வரவில்லை; அவள் மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வாரம் புலம்பல், டீச்சர்.