வலுவேறாக்கம் (சட்டமியற்றல், நிர்வாகம், நீதி அதிகாரங்களைப் பிரிச்சு வைக்கிறது) எங்கட இலங்கை யாப்பில எந்தளவுக்கு இருக்கு?

கேள்வி: 4ஆம் உறுப்புரை, நீதித்துறை அதிகாரத்தைப் பாராளுமன்றமே நீதிமன்றங்கள் ஊடாகப் பிரயோகிக்கும் எண்டு சொல்லுது. பிறகு வலுவேறாக்கம் எங்க? அரச அதிகாரியின்ர கட்டளையை எதிர்க்க திருகோணமலையிலேயே வழக்குப் போடலாமா?

பதில் 1: தம்பி, வாசகம் அப்பிடித்தான். ஆனா நடைமுறையில கடிவாளம் உண்டு. 2018 நவம்பர் 9இல் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைச்சார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதா அது செல்லாது எண்டு தீர்ப்பளிச்சினம். உண்மையான ஓட்டை யாப்பின்ர 80(3)ஆம் உறுப்புரை. சபாநாயகர் சான்றுரைத்த பிறகு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க ஏலாது. சட்டமூலமா இருக்கேக்கையே உயர் நீதிமன்றம் போகவேணும்.

பதில் 2: வழக்குப் பற்றி: மாகாணப் பட்டியல் (மாகாண சபைகளுக்குக் குடுத்த விடயங்கள்) விடயமெண்டா, யாப்பின்ர 154P-இன் கீழ் இங்க உள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில எழுத்தாணை (அதிகாரியின்ர கட்டளையை ரத்துச் செய்யிற மாதிரியான நீதிமன்ற ஆணை, writ) கேட்கலாம். அரச காணியில கவனம்! உயர் நீதிமன்றத்தின்ர 2013 தீர்ப்பின்படி அந்த அதிகாரம் மத்திக்குரியது. காணியை விட்டு எழும்பச் சொல்லும் அறிவித்தலை இங்க எதிர்த்தா நியாயாதிக்கம் (விசாரிக்கிற அதிகாரம்) இல்லையெண்டு தள்ளுபடியாகும். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கு, ஒரு மாதத்துக்குள்ள போகவேணும். திகதியைக் காட்ட, கட்டளைக் கடிதத்தோட தபால் முத்திரை விழுந்த உறையையும் எறிய வேண்டாம். அந்த மாதத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறையிட்டா, அங்க விசாரணை நிலுவையில இருக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில சேராது.

பதில் 3: கிழக்கு மாகாண சபையின்ர பதவிக்காலம் 2017 செப்டெம்பரிலேயே முடிஞ்சுது. சபை இல்லாம ஆளுநர் மட்டும் நிர்வாகம் நடத்தினா, மாகாண மட்டத்தில ஆரை ஆர் தட்டிக் கேக்கிறது?