பழைய கைபேசி எண்ணில் முடங்கிய ரிவார்டு பாயிண்டுகள்: மீட்க வழி தேவை

வேளச்சேரியில் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மாத மளிகை வாங்கி அம்மா சேர்த்த, சுமார் 1,800 ரூபாய் மதிப்புள்ள ரிவார்டு பாயிண்டுகளை எங்களால் பயன்படுத்த முடியவில்லை. கணக்கு அவருடைய பழைய கைபேசி எண்ணில் இருக்கிறது. கடந்த ஆண்டே துண்டிக்கப்பட்ட அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி செல்கிறது. செயலிக்குள் நுழையவும் அதே ஓடிபி வேண்டியிருப்பதால், எண்ணை மாற்றும் பக்கத்தையே எட்ட முடிவதில்லை. துண்டித்து 90 நாட்கள் கடந்தால் எண்ணை வேறொருவருக்கு ஒதுக்கலாம் என்பதால், அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

கிளை மேலாளரிடம் பழைய ரசீதுகளைக் காட்டினோம். தலைமை அலுவலகம்தான் மாற்ற வேண்டும் என்றார். அங்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிந்த புகாருக்கும் நிறுவனம் இன்னும் பதிலளிக்கவில்லை. தீபாவளிச் சாமான்களுக்கென்றே அம்மா சேர்த்த இந்தப் பாயிண்டுகள் இம்மாத இறுதியில் காலாவதியாகின்றன.

பழைய எண் கையில் இல்லாத நிலையில் இத்தகைய கணக்கைப் புதிய எண்ணுக்கு மாற்றியவர்கள், எந்த ஆவணத்தை யாரிடம் கொடுத்து மாற்றினீர்கள்?