பறவைப் படங்களுக்கு 100-500 லென்ஸா, 200-800 லென்ஸா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். நான் கேனான் ஆர்7 மிரர்லெஸ் கேமராவில் வேடந்தாங்கல் பறவைகளைப் படமெடுத்து வருகிறேன். கரையிலிருந்து பார்க்கையில் ஏரி நடுவே மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் தொலைவில் இருப்பதால், என்னிடமுள்ள 400 மி.மீ. லென்ஸ் போதவில்லை. எனவே கேனானின் ஆர்எஃப் வகை லென்ஸ்களான 100-500 மி.மீ. அல்லது 2023-இல் வெளிவந்த 200-800 மி.மீ., இரண்டில் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன்.

என் தயக்கம் முழுவதும் ஒளியைப் பற்றியதே. 800 மி.மீ.இல் அதிகபட்சத் திறப்பு எஃப்/9 மட்டுமே (எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும்) என்பதால், 500 மி.மீ.இல் எஃப்/7.1-க்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 2000 வைக்கும் அதே விடியற்காலை வெளிச்சத்தில், அதே ஷட்டர் வேகத்துக்கு இங்கே 3200 வைக்க வேண்டியிருக்கும். ஆர்7-இன் சிறிய சென்சாரில் அதனால் கூடும் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிகள்) சிறகின் நுண்கோடுகளை அழித்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். மறுபுறம், 500-இல் எடுத்து வெட்டிப் பெரிதாக்கினாலும் நுண்விவரம் குறையத்தான் செய்யும். எடையும் ஒரு கவலை: 200-800 ஏறத்தாழ 2 கிலோ, மற்றது 1.4 கிலோவுக்கும் குறைவு.

இரண்டையும் ஆர்7-இல் பயன்படுத்தியவர்கள், பறக்கும் பறவையைக் குவியம் எவ்வளவு உறுதியாகப் பின்தொடர்கிறது என்பதையும், வெயில் ஏறி நீர்ப்பரப்பில் கானல் எழுந்தபின் 800 மி.மீ. உண்மையிலேயே பயன்படுகிறதா என்பதையும், இயன்றால் திருத்தாத மூலப் படங்களுடன் தெரிவிக்க வேண்டுகிறேன்.