பேனல் ஷோவுக்குத் தமிழ் என்ன?

மலர்விழி:
அன்பு நண்பர்களே, காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பகுதியில் 'பேனல் ஷோ' என்ற இடத்தில் முட்டி நிற்கிறேன்; ஒரு குழுவாக உட்கார்ந்து கேள்விகளுக்கு வேடிக்கையாகப் பதில் சொல்லும் நிகழ்ச்சி அது. பிபிசியின் 'க்யூஐ' நிகழ்ச்சிதான் என் எடுத்துக்காட்டு. 2003இல் ஸ்டீஃபன் ஃப்ரை நடத்தத் தொடங்கியது; 2016 முதல் சாண்டி டாக்ஸ்விக். ஆலன் டேவிஸ் நிரந்தரம், மற்றவர்கள் விருந்தினர். கேள்வி உண்டு, மதிப்பெண் உண்டு, ஆனால் ஜெயிப்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. 'வினாடி வினா' என்று எழுதினால் பிள்ளைகள் பள்ளிப் போட்டி என்று நினைத்துவிடுவார்கள். உதவுங்கள்.

வேலு:
சொல் நம்மிடமே இருக்கிறது அம்மா: ஆயம். அகப்பாடல்களில் தலைவியோடு விளையாடித் திரியும் தோழியர் கூட்டம். குறளின் சூது அதிகாரத்தில் 'உருளாயம்' வருகிறது. ஆக, ஆட்டமும் அதற்குள் அடக்கம். 'ஆய்' என்ற வேரைப் பிடித்தால் ஆராய்ச்சியும் வந்துவிடும். நகை + ஆயம் = நகையாயம். வேறென்ன வேண்டும்?

காதர்:
வேலு ஐயா, ஆயம் என்றால் வரியும்தான். நகையாயம் என்று அச்சடித்தால் தங்கத்துக்கு ஏதோ புது வரி போட்டுவிட்டார்கள் என்று படிப்பார்கள். பட்டிமன்றம் என்ற உயிருள்ள சொல் இருக்கும்போது ஏன் இந்தச் சுற்று? மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் உண்டு. 'சிரிப்புப் பட்டிமன்றம்' என்று போடுங்கள், பாட்டிக்கும் புரியும்.

ஜெயந்தி, லண்டன்:
பாட்டிக்குப் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பட்டிமன்றத்தில் ஒரே தலைப்பு, இரண்டு கட்சி, கடைசியில் நடுவர் தீர்ப்பு. இங்கே தீர்ப்பை யார் கேட்டார்கள்? செய்திகளைக் கேலி செய்யும் 'ஹாவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ'வில் 1993இல் அரசியல்வாதி ராய் ஹாட்டர்ஸ்லி வரவில்லை என்றதும், அவர் இடத்தில் ஒரு டப்பா பன்றிக்கொழுப்பை வைத்து நிகழ்ச்சியை நடத்தி முடித்தார்கள். எந்த நடுவர் இதற்கு ஒப்புவார்? 2002இல் நடத்துநர் ஆங்கஸ் டேட்டனை நீக்கிய பிறகு அதற்கு நிரந்தர நடத்துநரே கிடையாது. சரி, ஒரு செய்தி: இந்த மேசைகளில் நம்ம ரொமேஷ் ரங்கநாதனும் உட்கார்ந்திருக்கிறார். பெற்றோர் இலங்கைத் தமிழர். நகைச்சுவைக்கு வருமுன் கணக்கு வாத்தியார். அவர் வந்தால் என் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்காருவார்.

வேலு:
தொல்காப்பியர் சொன்ன நகை நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஜெயந்தி சொன்ன செய்தி நிகழ்ச்சி எள்ளல். ஆலன் டேவிஸ் செய்வது பேதைமை. மடன் என்பதை, கேட்டதை ஆராயாமல் மெய்யென்று கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும் கதை மெய்யா பொய்யா என்று எதிரணி கண்டுபிடிக்க வேண்டிய, ராப் பிரைடன் நடத்தும் 'வுட் ஐ லை டு யூ' முழுக்க அதுதான். பாப் மார்ட்டிமர் விருந்தினராக வந்து ஒரு கதை சொல்ல, அதை நம்புவதா வேண்டாமா என்று அணித்தலைவர் டேவிட் மிட்செல் தவிக்கும் தவிப்பைப் பாருங்கள். எனவே 'நகை' சொல்லில் இருந்தே ஆக வேண்டும்.

காதர்:
இலக்கணம் ஜோர். தலைப்பில் நகை இருந்தால் செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

மலர்விழி:
ஐயா, சண்டைக்கு நடுவே இன்னொன்று. க்யூஐயில் எல்லாரும் நம்பும் தவறான விடையைச் சொன்னால் ஓர் ஒலி அலறும், அந்த விடை பின்னால் திரையில் மின்னும், மதிப்பெண் குறையும். ஆலன் டேவிஸ் எதற்கெடுத்தாலும் 'நீலத் திமிங்கிலம்' என்று சொல்லி மாட்டிக்கொள்வாரே, அந்த ஒலி. 'அபாயச் சங்கு' சரிவருமா?

ஜெயந்தி:
சங்கு ஆலைக்கு. எக்காளம் போடுங்கள். ஊதுகருவியும் அதுதான், கேலிச் சிரிப்பும் அதுதான்.

காதர்:
அட! ஒப்புக்கொள்கிறேன்.

வேலு:
நானும்தான்.

மலர்விழி:
எக்காளம் உறுதி. பேனல் ஷோவுக்கு 'குழுச் சிரிப்பரங்கம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பாதிப் பேருக்குப் பிடிக்காது என்று தெரியும், நேரமில்லை.

காதர்:
பரவாயில்லை, வாயில் நுழைகிறது.

வேலு:
'குழு'வும் 'அரங்க'மும் சேர்ந்தால் அரசு விழா அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது. அடுத்த பதிப்பில் நகையாயத்தை அடிக்குறிப்பிலாவது சேருங்கள். ஆயம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜெயந்தி:
ஐயா, நாளை மறுநாள் எழுதுங்களேன். நாளை எனக்கு வேலை இருக்கிறது.